ஆளும் கிடைக்கவில்லை, கிடைத்தவரும் நிற்கவில்லை: பழைய சோனகத் தெரு வியாபாரி ஒருவருக்குப் பதில்

தந்தையார் கொழும்பின் பழைய சோனகத் தெருவில் தொடங்கிய இரும்புப் பொருள் இறக்குமதி, மொத்த விற்பனை நிறுவனத்தை இப்போது நீங்கள் நடத்துகிறீர்கள். 22 பேர் வேலை செய்கிறார்கள். கடந்த 18 மாதங்களில் கணக்குப் பகுதியில் ஒருவர், விற்பனைப் பிரதிநிதிகள் இருவர், களஞ்சியத்தில் இருவர் என ஐந்து பேர் விலகியிருக்கிறார்கள். விளம்பரம் போட்டால் இருநூறு விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன, ஆனால் பொருத்தமானவர் என்று ஒருவரைக் காட்ட முடியவில்லை. எடுத்தவர்களும் ஆறு மாதம் தாண்டவில்லை. சம்பளத்தைக் கூட்டுவதா, இரண்டு வருடத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று பிணை ஒப்பந்தம் எழுதி வாங்குவதா, அனுபவசாலிகளை மட்டும் எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாருக்குப் போன பழைய கணக்காளர் மீண்டும் வரலாமா என்று கேட்பதையும் கடைசி வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கொழும்பில் இருபது வருடங்களுக்கு மேலாக, முதலில் ஆடைத் தொழிற்சாலையொன்றிலும் பிறகு விநியோக நிறுவனங்களிலும், ஆட்சேர்ப்பும் ஆளணி முகாமையுமே என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் போகாமல் தடுக்க என்ன வழி என்று தேடுவதில் இன்றைய நிலையில் பயன் குறைவு. இருக்கும் காலத்தில் அவர் மனம் வைத்து வேலை செய்யவும், அவர் போகும் நாளில் கடை தடுமாறாமல் இருக்கவும் வழி தேடினால், போகிறவர்களின் எண்ணிக்கையும் தானாகவே குறையும். நீங்கள் கேட்ட மூன்றில் பிணை ஒப்பந்தம் உங்களுக்குத் தீங்கு செய்யும். அனுபவசாலியை மட்டும் தேடுவது பெரிய நிறுவனங்களோடு ஏலத்தில் இறங்குவதற்குச் சமம். சம்பள உயர்வு தேவைதான், ஆனால் தொகையைக் கூட்டுவதற்கு முன்னர் சம்பளம் கொடுக்கும் முறையைச் சரிசெய்ய வேண்டும்.

இருநூறு விண்ணப்பம் வந்தும் ஆளில்லை என்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இலங்கையின் மொத்த வேலையின்மை வீதம் 4, 5 சதவீதம் அளவில்தான் நிற்கிறது. ஆனால் 15 முதல் 24 வயது வரையானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 20 சதவீதத்துக்கு மேல். அதாவது, அனுபவமுள்ளவர் ஏற்கெனவே எங்கோ வேலையில் இருக்கிறார், இல்லையேல் விமானம் ஏறிவிட்டார். அனுபவமில்லாத இளைஞர் வாசலில் நிற்கிறார். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை அரசு இடைநிறுத்திய அந்த ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொண்டு வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது. பிறகு பணவீக்கம் இறங்கியது உண்மை, ஆனால் ஏறிய விலைகள் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டன. வெள்ளவத்தையில் ஒரு போர்டிங் அறைக்கும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும், பஸ்ஸுக்கும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்ப எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே உங்கள் ஊழியர் ஒவ்வொரு மாதமும் போடும் கணக்கு. அந்தக் கணக்கு துண்டு விழும் மாதத்தில்தான் அவர் கொரியாவுக்கு வேலைக்குப் போக எண்ணி, கொரிய மொழி வகுப்புக்குப் பெயர் கொடுக்கிறார்.

இனிப் பிணை ஒப்பந்தம். நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், பயிற்சிச் செலவு என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு 3 இலட்சம் ரூபா பிணை எழுதி வாங்கினோம். அந்தப் பத்திரத்தைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். போக முடிவு செய்திருந்த திறமைசாலி, வெளிநாட்டில் இருந்த அண்ணனிடம் பணம் வாங்கிக் கட்டிவிட்டு ஏழாம் மாதம் போய்விட்டார். பணம் புரட்ட வழியில்லாதவர்கள் தங்கினார்கள், நாட்களை எண்ணிக்கொண்டே தங்கினார்கள். அந்த வருடம் எங்கள் கணக்குப் பகுதியில் நடந்த பிழைகளை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதைவிடப் பெரிய நட்டம் பின்னர்தான் தெரிந்தது. நேர்முகப் பரீட்சைக்கு வருகிறவர்கள், “இங்கே பிணை எழுத வேண்டுமாமே” என்று கேட்டுவிட்டு அடுத்த நாள் தொலைபேசியை எடுக்காமல் விட்டார்கள். கல்விச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை வாங்கி அலுமாரியில் பூட்டி வைக்கும் பழக்கமும் இதே வகைதான். உங்கள் கடையில் அது இருந்தால், இந்தக் கிழமையே எல்லாவற்றையும் எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளையின் உயர்தரச் சான்றிதழைப் பணயமாக வைத்திருக்கும் உரிமை எந்த முதலாளிக்கும் இல்லை.

சம்பளம் கொடுக்கும் முறையைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பின் வணிகப் பகுதியான புறக்கோட்டையில் ஆள் நிற்காமைக்கு நான் கண்ட முதற்காரணம் இதுவே. 50,000 ரூபா அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு அவரிடமிருந்து 8 சதவீதம், 4,000 ரூபா, கழிக்கப்படும். நீங்கள் 12 சதவீதம், 6,000 ரூபா, சேர்க்க வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பங்கு 3 சதவீதம், 1,500 ரூபா. ஆக, அவர் கையில் 46,000, உங்களுக்குச் செலவு 57,500. இதைத் தவிர்க்கப் பலர் செய்வது என்னவென்றால், 30,000 ரூபாவை அடிப்படையாகவும் மீதி 20,000 ரூபாவை ஏதோ ஒரு ‘கொடுப்பனவு’ என்றும் எழுதி, முதல் பகுதிக்கு மட்டும் பங்களிப்புச் செலுத்துவது. இதில் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபா மிஞ்சுகிறது. ஊழியருக்கு என்ன போகிறது என்று பாருங்கள்: நிதியில் சேர வேண்டிய பணம் குறைகிறது, வங்கிக் கடனுக்கோ லீசிங்குக்கோ போனால் காட்டக்கூடிய சம்பளம் குறைகிறது, பிற்காலத்தில் வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையும் குறைகிறது. பெயரை மாற்றி எழுதுவதால் ஒரு கொடுப்பனவு சட்டத்துக்கு வெளியே போய்விடாது. வாழ்க்கைச் செலவுப்படி, உணவுப்படி, தரகுப்பணம் ஆகியவையும் சேமலாப நிதிக்குரிய சம்பாத்தியமாகவே கொள்ளப்படும், மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. தகுதிகாண் காலத்தில் பங்களிப்புத் தேவையில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அது தவறு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்புச் செலுத்த வேண்டும், பிந்தினால் தாமதத்தைப் பொறுத்து 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகமாகக் கட்ட நேரும்.

இதை நான் சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. இன்றைய இளைஞர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். ‘சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கட்டுவீர்கள்’ என்று நேர்முகத்தில் கேட்கிற பிள்ளையைத் திமிர் பிடித்தவர் என்று ஒதுக்கிய முதலாளிகளை எனக்குத் தெரியும். அவர்கள் ஒதுக்கியது, கணக்குத் தெரிந்த ஒரு கணக்காளரை. நியமனக் கடிதம் முதல் நாளே கையில் இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் சம்பளச் சிட்டை கொடுங்கள். சம்பள நாள் 28 என்றால் 28ஆம் திகதியே பணம் வங்கியில் விழ வேண்டும். கொள்கலன் துறைமுகத்தில் தேங்கினாலும், காசோலை திரும்பினாலும், அது ஊழியரின் வீட்டு வாடகையைத் தொடக்கூடாது. உங்களிடம் 15 பேருக்கு மேல் இருப்பதால், ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கடைசிச் சம்பளம் 80,000 ஆக எட்டு வருடம் வேலை செய்தவருக்கு அது 3,20,000 ரூபா. பெரும்பாலான சிறு நிறுவனங்கள் இதை ஊழியரிடம் சொல்வதில்லை, சொன்னால் கேட்டுவிடுவார் என்ற பயம். நான் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் எழுத்திலேயே கொடுக்கச் சொல்வேன்: இன்றுவரை உங்கள் பெயரில் சேர்ந்திருக்கும் பணிக்கொடை இவ்வளவு. நான்கு வருடம் முடித்த ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஐந்தாம் வருடத்தை முடிக்கும்வரை பயணத்தைத் தள்ளிவைத்ததை நான் கண்டிருக்கிறேன். பிணைப் பத்திரம் செய்யாத வேலையை அந்த ஒரு தாள் செய்தது.

தொகையைப் பொறுத்தவரை, தனியார் துறைக்கான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. இதில் பலர் கவனிக்காத ஒரு விளைவு உண்டு. புதிதாகச் சேரும் பொதி கட்டும் பையனின் சம்பளம் சட்டத்தால் ஏறும்போது, ஆறு வருடம் நின்ற களஞ்சிய உதவியாளரின் சம்பளம் அப்படியே இருந்தால், இருவருக்கும் இடையிலிருந்த இடைவெளி சுருங்கிப்போகிறது. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் மனம் விட்டுப்போகும். உங்கள் களஞ்சியத்தில் இருவர் விலகியதற்கு இது காரணமாக இருக்கலாம். சம்பளப் பட்டியலை எடுத்துச் சேவைக் காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேல்நிலையில் இருப்பவருக்கு இப்போது நிலைமை சற்று இலகு. மாதம் 2 இலட்சம் ரூபா வாங்கும் விற்பனை முகாமையாளர் 2023இல் 10,500 ரூபா வரி கட்டினார். வரியற்ற எல்லை 2025 ஏப்ரலில் மாதம் 1,50,000 ரூபாவுக்கு உயர்ந்த பிறகு அதே சம்பளத்துக்கு 3,000 ரூபாதான்.

விளம்பரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ‘துடிப்பான, ஆற்றல் மிக்க இளைஞர் தேவை, கவர்ச்சிகரமான சம்பளம்’ என்று போட்டால் இருநூறு பேர் வரத்தான் செய்வார்கள், ஏனென்றால் யாரும் அதிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ள முடியாது. சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, வேலை நேரம் என்ன, சனிக்கிழமை எத்தனை மணி வரை, எந்த மொழிகள் தேவை, முதல் மூன்று மாதத்தில் என்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள். விண்ணப்பம் நாற்பதாகக் குறையும், அந்த நாற்பதும் வாசிக்கத் தகுந்ததாக இருக்கும். ஞாயிறு தமிழ்ப் பத்திரிகைகளும் இணைய வேலைத்தளங்களும் போக, பாடசாலைகளின் பழைய மாணவர் சங்க வட்ஸ்அப் குழுக்கள், கோயில், தேவாலய, பள்ளிவாசல் அறிவித்தல் பலகைகள் இன்றும் பயன் தருகின்றன. தெரிந்தவர் மூலம் எடுப்பதில் மட்டும் ஓர் எச்சரிக்கை: ஒரே குடும்பத்திலிருந்தோ ஒரே ஊரிலிருந்தோ மூவரை ஒரே பகுதியில் வைத்தால், ஒருவர் போகும் நாளில் மூவரும் போவார்கள்.

தேர்வுக்கு வருவோம். உங்கள் நேர்முகப் பரீட்சை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் விற்பனைப் பிரதிநிதி பேசப்போவது குருநாகலில் சிங்களமும் கிளிநொச்சியில் தமிழும். ஆங்கிலம் அவருக்கு விலைப்பட்டியல் வாசிக்கவும் மின்னஞ்சல் எழுதவுமே தேவை. வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் ஒரு பிள்ளை, தெரிந்த விடயத்தைத் தெரியாத மொழியில் சொல்லத் திணறுவதைப் பார்த்து, அவருக்கு விடயமே தெரியாது என்று முடிவெடுத்துவிடுகிறோம். கேள்வி கேட்பதை அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு, வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கணக்காளருக்கு வருகிறவரிடம், வாடிக்கையாளர் பெயர்களை மறைத்த ஒரு மாத வங்கிக் கூற்றையும் காசேட்டையும் கொடுத்து, வேறுபாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். களஞ்சியத்துக்கு வருகிறவரை அலுமாரிகளுக்கிடையே கூட்டிப்போய், ஐம்பது பொருட்களை எண்ணிப் பதியச் சொல்லுங்கள். விற்பனைக்கு வருகிறவரிடம், மூன்று மாதமாகக் காசு தராத ஒரு கடைக்காரரிடம் எப்படிப் பேசுவார் என்று பேசிக் காட்டச் சொல்லுங்கள், அவருக்கு வசதியான மொழியில். இதற்கு அரை நாள் எடுத்தால் அந்த அரை நாளுக்குரிய கூலியையும் போக்குவரத்துச் செலவையும் கொடுத்துவிடுங்கள். வேலை கிடைக்காதவரும் உங்கள் கடையை மரியாதையோடு நினைப்பார். பிறகு ஏழு நாட்களுக்குள் முடிவைச் சொல்லுங்கள். முதலாளி ஊரில் இல்லை, மச்சானிடம் கேட்க வேண்டும் என்று நான்கு கிழமை இழுத்தால், நல்லவர் வேறிடத்தில் சேர்ந்துவிடுவார், வேறிடம் கிடைக்காதவர் உங்களுக்காகக் காத்திருப்பார்.

அடுத்தது, எங்கே தேடுவது. நீங்கள் ஆயத்தமான ஆளைத் தேடுகிறீர்கள். உங்களுக்குக் கட்டுப்படியாகும் சம்பளத்தில் ஆயத்தமான ஆள் இன்று கொழும்பில் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே யோசியுங்கள். முதலில் உங்கள் கடைக்குள்ளேயே பாருங்கள். புறக்கோட்டை முழுவதும் ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள் லொறியில் சாமான் ஏற்றி இறக்குகிறார்கள். பலர் கடையின் மேல்மாடியிலேயே படுத்து எழும்புகிறார்கள். சிலருக்குப் பத்து வருடமாகியும் நியமனக் கடிதம் இல்லை. சாதாரண தரம், சிலர் உயர்தரமும் சித்தியடைந்தவர்கள், வீட்டு நிலைமையால் வந்தவர்கள். ஒரு விநியோக நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் திடீரென்று விலகியபோது நாங்கள் வெளியே இரண்டு மாதம் தேடினோம். அந்த இரண்டு மாதமும் களஞ்சியத்தை உண்மையில் நடத்தியது, ஆறு வருடமாகச் சாமான் ஏற்றிய ஓர் இளைஞர். எந்த அளவு ஆணி எந்த அலுமாரியில் எத்தனை பெட்டி என்பது அவருக்கு மனப்பாடம்; சிங்களமும் தமிழும் தண்ணீர் பட்ட பாடு. தெரியாதது கணினி மட்டும். அதைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஐந்து கிழமை போதுமாக இருந்தது. அவரைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் விளம்பரம் போட்டோமே என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. உங்களிடம் ஏற்றி இறக்குகிறவர்களின் பெயர்களையும், அவர்கள் எதுவரை படித்தார்கள் என்பதையும் உங்களால் இப்போதே சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அங்கிருந்து தொடங்குங்கள்.

கணக்குப் பகுதிக்கு, பட்டயக் கணக்கியலோ கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் பரீட்சையோ படிக்கும் மாணவர்களைப் பயிலுநராக எடுப்பது நல்ல வழி. அவர்களுக்கு நடைமுறைப் பயிற்சி தேவை, உங்களுக்குக் கை தேவை. அவர்கள் இரண்டு, மூன்று வருடத்தில் போய்விடுவார்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த விடயம், ஆகவே ஒருவர் முடிக்கும் வருடத்தில் அடுத்தவரைச் சேர்த்துக்கொள்ளலாம். பரீட்சைக்கு முந்திய நாட்களில் விடுமுறை கொடுப்பதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் காத்திருக்கும் பிள்ளைகளும், அனுமதி கிடைக்காமல் வெளிவாரியாகப் படிப்பவர்களும் இதே கணக்கில் வருவார்கள்.

பெண்களைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. 22 பேரில் இரண்டு பெண்கள்தான் என்பதை மட்டும் வேறோரிடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார்; ஆண்களில் அது பத்துக்கு ஏழு. வங்கியிலோ கணக்காய்வு நிறுவனத்திலோ ஐந்தாறு வருடம் வேலை செய்துவிட்டு, பிள்ளை பிறந்த பிறகு வீட்டில் நின்றுவிட்ட பெண்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் நிறைய இருக்கிறார்கள். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடும். எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை வேலை, மீதியை வீட்டிலிருந்து என்று ஒரு கணக்காளர் பதவியை அமைத்தால், உங்களால் வேறு வகையில் எட்ட முடியாத அனுபவம் உங்களுக்குக் கிடைக்கும். சுத்தமான, பூட்டக்கூடிய மலசலகூடமும், வாய்த் துடுக்கை அனுமதிக்காத ஒரு முதலாளியும் அதற்கு முன்நிபந்தனை. பழைய சோனகத் தெருக் கடைகள் பலவற்றில் முதலாவதே இல்லை. இதற்கு எதிர்முனையில், வங்கிகளிலிருந்தும் அரச சேவையிலிருந்தும் 60 வயதில் ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். கிழமைக்கு மூன்று நாள் வந்து கணக்கைச் சரிபார்த்து, இளையவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒருவர் உங்கள் பயிலுநர்களுக்கு மேலே இருந்தால், கணக்குப் பகுதியைப் பற்றிய உங்கள் கவலை பாதி தீரும்.

எடுத்த பிறகு ஒரு திகதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்று நடவடிக்கையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்னனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இது நல்ல சட்டம் என்றே நான் நினைக்கிறேன், அது இல்லாவிட்டால் 2022இல் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். ஆனால் இதன் பொருள், பொருத்தமில்லாதவரைப் பற்றிய முடிவை ஆறாம் மாதத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது. முதல் மாத முடிவிலும், மூன்றாம், ஐந்தாம் மாத முடிவிலும் அவரோடு உட்கார்ந்து, என்ன சரியாகப் போகிறது, எது திருந்த வேண்டும் என்று பேசி, இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பலரும் ஐந்து மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு ஆறாம் மாதம் ‘நீ சரியில்லை’ என்கிறார்கள். கேட்கிறவருக்கு அது இடி விழுந்ததுபோல் இருக்கும்.

உங்களிடம் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் போவதற்கு என் ஊகம் வேறு. முதல் கிழமையில் அவர்களுக்கு யார் வேலை காட்டுகிறார்? பெரும்பாலான கடைகளில் ஒருவரும் இல்லை; தானாகப் பார்த்துப் பழக வேண்டும், பிழைவிட்டால் வாடிக்கையாளர் முன்னால் ஏச்சு விழும். தந்தையார் காலத்தில் ஏச்சுக்குப் பின்னால் மகளின் திருமணத்துக்கு முன்பணமும், தீபாவளிக்குப் புடவையும், ஆஸ்பத்திரிக்குக் காரும் இருந்தன. அன்றைய ஊழியர் அந்த முழுமையைத்தான் ஏற்றுக்கொண்டார். இன்று ஏச்சு மட்டும் மிஞ்சியிருந்தால் ஒருவரும் நிற்கமாட்டார்கள். புதியவர் ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று மாதத்துக்கு ஒரு மூத்த ஊழியரைப் பொறுப்பாக்கி, அந்த மூத்தவருக்கு அதற்கென ஒரு சிறு தொகையும் கொடுங்கள். இல்லாவிட்டால், புதியவர் பழகினால் தன் இடம் போய்விடும் என்று பயந்து அவர் எதையும் காட்டமாட்டார். கடை, அலுவலகச் சட்டத்தின்படி வேலை நேரம் நாளுக்கு 8, கிழமைக்கு 45 மணி. அதற்கு மேற்பட்டதற்கு ஒன்றரை மடங்கு. சனிக்கிழமை மாலை வரை கடை திறந்திருக்க வேண்டுமானால், ஊழியர்களை இரண்டாகப் பிரித்து ஒன்றுவிட்ட சனிக்கிழமை முழு விடுமுறை கொடுத்துப் பாருங்கள். ஹட்டனில் வீடு இருப்பவருக்கு அந்த ஒரு சனிக்கிழமை, ஐயாயிரம் ரூபா சம்பள உயர்வைவிடப் பெரிது.

போகிறவர்களை நடத்தும் விதமே இருக்கிறவர்களுக்குப் பாடம். விசாவுக்குச் சம்பள உறுதிக் கடிதம் கேட்டு வருகிறவரைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தால், அடுத்தவர் கேட்கவேமாட்டார். ஒரு திங்கட்கிழமை வராமல் இருப்பார், அன்றுதான் உங்களுக்குத் தெரியவரும். கேட்ட அன்றே கடிதத்தைக் கொடுத்து, எப்போது போக எண்ணம் என்று அன்போடு கேளுங்கள். வெளிநாட்டுப் பயணம் ஒரு நாளில் நடப்பதில்லை. மொழிப் பரீட்சை, மருத்துவச் சோதனை, பணியகப் பதிவு என்று மாதங்கள் பிடிக்கும். உண்மையைச் சொன்னால் கெடுதல் வராது என்று நம்புகிற ஊழியர் உங்களுக்கு அந்த மாதங்களைத் தருவார். அந்த மாதங்களில் செய்ய வேண்டியதை அதற்கு முன்னரே பழக்கத்தில் வைத்திருங்கள்: எந்த வேலையையும் இருவர் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இறக்குமதிப் பத்திரங்களும், சுங்க முகவரோடான தொடர்பும், கடன் வாங்கிய கடைகளின் விபரமும் ஒருவரின் தலைக்குள்ளும் அவருடைய சொந்தத் தொலைபேசிக்குள்ளும் மட்டும் இருக்கக்கூடாது. 14 நாள் வருடாந்த விடுமுறையில் ஒவ்வொருவரையும் ஒரு முழுக் கிழமை தொடர்ந்து வீட்டுக்கு அனுப்புங்கள். அந்தக் கிழமையில் எது நிற்கிறதோ அதுதான் எழுதிவைக்கப்படாத வேலை. திரும்பி வந்ததும் அவரை வைத்தே எழுதுங்கள். விற்பனைப் பிரதிநிதிகளுக்குக் கடை ஒரு தொலைபேசி இலக்கம் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் அந்த இலக்கத்தோடு நிற்பார். அவர்களுடைய தரகுப்பணத்தை வசூலான மாதமே கொடுத்துவிடுங்கள். ‘கணக்குப் பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று மூன்று மாதம் வைத்திருந்ததால் போட்டிக் கடைக்குப் போனவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, கட்டாரிலிருந்து வரக் கேட்கும் பழைய கணக்காளர். எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொருட்களும், வங்கியும், வாடிக்கையாளரின் குணமும் தெரிந்தவர். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர் என்பதால் அந்த ஏக்கமும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். ஆனால் அவரிடம் சம்மதம் சொல்வதற்கு முன்னால், அவர் போன நாளிலிருந்து அந்த வேலையைத் தூக்கிச் சுமந்த இளையவரை அழைத்துப் பேசுங்கள். அவருடைய பதவியும் சம்பளமும் குறையாது என்பதையும், வருகிறவர் எந்தப் பகுதியைப் பார்ப்பார், இவர் எந்தப் பகுதியைப் பார்ப்பார் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். இவருக்குச் சம்பளம் கூட்ட வேண்டியிருந்தால், மற்றவர் வந்து சேர்வதற்கு முந்திய மாதமே கூட்டுங்கள். வருகிறவருக்குப் புதிய நியமனக் கடிதம், அந்தப் பதவிக்கு இன்று கொடுக்கக்கூடிய சம்பளம். பழைய சேவைக் காலத்துக்குப் பணிக்கொடை ஏதும் கொடுக்கவேண்டி நிலுவையில் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு, புதிய சேவை எந்தத் திகதியிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.